ஸ்வால்பார்ட் சிறு கப்பல் பயணம்: கரைத் துப்புரவோடு சேர்த்து எடுத்தால் பெறுமதி உண்டு

நோர்வேக்கு வடக்கே ஆர்க்டிக்கில் இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகளுக்குக் கப்பலில் போக யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கரையிறங்கிப் பிளாஸ்டிக் பொறுக்கும் வேலையைப் பயணத்துக்குள்ளேயே வைத்திருக்கிற கப்பலாகப் பார்த்து எடுங்கள், இல்லையென்றால் அந்தக் காசுக்கு வேறு எங்காவது போகலாம். பனிக்கரடியும் வால்ரஸும் எல்லா விளம்பரத்திலும் இருக்கின்றன. அந்தப் பிராணிகளுக்கு இப்போது என்ன நடக்கிறது என்பதைக் கப்பல் மேல்தளத்தில் நின்று பார்த்தால் விளங்காது, கரையில் குனிந்து ஒரு வலைத் துண்டை இழுக்கும்போதுதான் விளங்குகிறது. நான் போன கம்பனியின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் நல்லதும் குறையும் இந்த வகைப் பயணம் முழுவதற்குமே பொருந்தும்.

அடிப்படை விவரங்கள் சுருக்கமாக. ஒஸ்லோவிலிருந்து நேரடி விமானத்தில் மூன்று மணித்தியாலத்தில் லோங்யெர்பியன் போய்ச் சேரலாம், வடக்கு 78 பாகையில் ஏறத்தாழ 2,500 பேர் வாழும் ஊர். அங்கிருந்து கப்பல் கிளம்பி மேற்குக் கரையோரமாக வடக்கே போகிறது. எங்கள் கப்பலில் பயணிகள் நூறு பேருக்கும் குறைவு, அது முக்கியம், ஏனென்றால் 2025 ஜனவரி முதல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் போக முடியாது, கரையிறங்கவும் குறித்துக்கொடுத்த 43 இடங்களில் மட்டும்தான் அனுமதி. பெரிய உல்லாசக் கப்பல் மலிவாக இருக்கிறதென்று எடுத்தால் இந்தப் பகுதிகள் கிடைக்காது. சாப்பாடு நன்றாக இருந்தது, மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் குறை வைக்கவில்லை. அறை சிறியது, படுக்க மட்டும்தானே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் குடாவை விட்டு வெளியே வந்ததுமே பின்னால் சாம்பல் நிறப் பறவைகள் சிறகை அசைக்காமல் காற்றில் வழுக்கிக்கொண்டு வரும். அவைதான் ஃபுல்மர், நோர்வேயில் ஹாவ்ஹெஸ்ட் என்போம். எல்லாரும் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன், அவ்வளவு வடிவான பறவை. அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்பலில் இருந்த உயிரியலாளர் அந்தப் பறவையைப் பற்றியே ஒரு மணித்தியாலம் கதைத்தார், இந்தப் பயணத்துக்குக் கொடுத்த காசில் பாதி அந்த ஒரு உரைக்கே சரி என்று எனக்குப் பட்டது.

ஃபுல்மர் கடலின் மேற்பரப்பில் மிதப்பதைக் கொத்திச் சாப்பிடும் பறவை, அதனால் மிதக்கிற பிளாஸ்டிக்கும் சேர்ந்தே உள்ளே போகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்வால்பார்டில் சேகரித்த 40 ஃபுல்மர்களின் வயிற்றைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், 35இல் பிளாஸ்டிக் இருந்தது, ஒரு பறவைக்குச் சராசரியாகப் பதினைந்து துண்டுகள். வடகிழக்கு அத்திலாந்திக்கைப் பாதுகாக்கும் ஓஸ்பார் ஒப்பந்தத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது: 0.1 கிராமுக்கு மேல் பிளாஸ்டிக் வைத்திருக்கும் ஃபுல்மர்கள் நூற்றுக்குப் பத்தைத் தாண்டக்கூடாது. இந்த 40 பறவைகளில் 22.5 சதவீதம் அந்த எல்லையைத் தாண்டியிருந்தன. இது ஹாலந்துக் கரையோ இங்கிலாந்துக் கரையோ இல்லை, பக்கத்தில் ஒரு நகரமும் ஒரு தொழிற்சாலைப் பட்டணமும் இல்லாத இடம்.

அதைவிட என்னைப் பாதித்தது வயிற்றுக்குள் பிறகு நடக்கும் கதை. ஃபுல்மரின் வயிற்றில் இரண்டு அறைகள், இரண்டாவது அறை அரைக்கும் அறை, அதற்குள் போன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கக்குவது அதற்குச் சிரமம். ஆகவே அது அங்கேயே கிடந்து அரைபட்டு, சின்னதானபிறகு எச்சத்தோடு வெளியே போகிறது. அதாவது பெரிய துண்டை நுண்துகளாக்கிக் கூடு இருக்கும் பாறையில் கொட்டும் வேலையையும் நாங்கள் இந்தப் பறவையின் தலையில் கட்டியிருக்கிறோம். இன்னொன்று, ஃபுல்மரின் வயிற்றில் ஓர் எண்ணெய் ஊறும், எதிரி வந்தால் அதைத்தான் துப்பும், குஞ்சுக்கும் அதைத்தான் ஊட்டும். பிளாஸ்டிக்கில் சேர்க்கிற ரசாயனங்கள் அந்த எண்ணெயில் கரைந்து இறங்குவதை ஆய்வுகூடத்தில் பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். தாய் தன் வாயால் ஊட்டுகிற உணவில் இது கலந்திருக்கக்கூடும் என்று அவர் சொன்னபோது மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை.

சின்ன ஆக் பறவையைப் பற்றியும் சொன்னார், கறுப்பும் வெள்ளையுமாகக் கைக்குள் அடங்கும் அளவு, கற்சரிவுகளில் ஆயிரக்கணக்கில் கூடிக் கத்தும். அது கடலில் மூழ்கிச் சின்னஞ்சிறு கடல் உயிர்களைப் பிடித்துத் தொண்டைப் பையில் நிரப்பிக் குஞ்சுக்குக் கொண்டுவருகிறது. கிழக்கு கிரீன்லாந்தில் 2005இலும் 2014இலும் அந்தத் தொண்டைப் பைகளைச் சோதித்தவர்கள் எல்லாவற்றிலும் நுண்பிளாஸ்டிக் கண்டார்கள், அதிலும் வெளிர் நிறத் துகள்களே அதிகம், இரை என்று நினைத்துப் பறவை தேடி எடுக்கிறது. மறுநாள் ஒரு சரிவின் அடியில் அமைதியாக உட்கார்ந்து அந்தப் பறவைகளைப் பார்க்க நேரம் ஒதுக்கியிருந்தார்கள். உரையையும் இடத்தையும் இப்படி அடுத்தடுத்து வைத்ததற்குப் பயணத்தை ஒழுங்குபடுத்தியவர்களைப் பாராட்ட வேண்டும்.

சரி, கரைத் துப்புரவு. ரப்பர் படகில் இறக்குவதற்கு முன்பு வழிகாட்டிகள் துப்பாக்கியோடு போய்ச் சுற்றிப் பார்த்து, கரடி இல்லை என்று உறுதி செய்தபிறகுதான் எங்களை விட்டார்கள். கரடியிடமிருந்து 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம், மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். பிறகு ஆளுக்கொரு சாக்கு. எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று விளங்கப்படுத்தினார்கள், இது நான் எதிர்பார்க்காத அளவுக்கு நுணுக்கமாக இருந்தது. ஸ்வால்பார்டில் 1946க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும் பாதுகாக்கப்பட்டது, பழைய திமிங்கில வேட்டைக்காரரின் துருப்பிடித்த இரும்போ, பலகையோ, எலும்போ, எதையும் அசைக்கக்கூடாது. சைபீரிய ஆறுகளிலிருந்து மிதந்துவந்த மரக்கட்டைகள் கரை முழுக்கக் கிடக்கும், அவற்றையும் விட்டுவிட வேண்டும். பாசி மூடி மண்ணோடு ஒட்டிப்போன வலையைப் பிடுங்கினால் அந்தப் பாசி திரும்ப வளரப் பல காலம் எடுக்கும், ஆகவே அதையும் விடச் சொன்னார்கள்.

தூரத்திலிருந்து பார்த்தால் கரை சுத்தமாகத்தான் இருந்தது. கிட்டப் போனால் கல்லுக்குக் கல் நடுவே பச்சையும் செம்மஞ்சளும் நீலமும். முக்கால்வாசி மீன்பிடிச் சாமான்: வலைத் துண்டு, கயிறு, மிதவை, மீன் பெட்டியின் உடைசல், பெட்டி கட்டும் பட்டை. செம்மஞ்சள் நிறத்தில் தலைமுடிபோல நூல் நூலாக ஒன்று எங்கு பார்த்தாலும் சிக்குகிறது, அதற்கு டாலி ரோப் என்று பெயராம். இழுவைமடி, அதாவது படகு இழுத்துப்போகும் பெரிய வலை, கடலடியில் உரசிக் கிழியாமல் இருக்க மடிக்கு அடியில் கற்றை கற்றையாகக் கட்டுகிறார்கள். மடிக்குப் பதிலாகத் தான் தேய்ந்து அறுந்து போவதற்கென்றே கட்டுவது அது, அறுந்தது அவ்வளவும் கடலுக்குத்தான். இழுவைமடி என்றால் என்ன என்று இலங்கையின் வடக்குக் கடலோரத்தில் பிறந்த எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் அதன் நார் இங்கே 80 பாகைக்குக் கிட்ட வந்து கல்லிடுக்கில் கிடப்பதைக் கையால் பிடுங்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

கலைமான் விஷயத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். ஸ்வால்பார்டின் கலைமான் கட்டைக் காலோடு, உருண்டு திரண்ட உடம்போடு இருக்கும், மனிதரைக் கண்டு பெரிதாக ஓடாது. இப்போது குளிர்காலத்தில் பனிக்குப் பதிலாக மழை பெய்வது கூடிவிட்டது, அந்த மழை நிலத்தில் விழுந்து கட்டிப் பனியாக உறைந்து புல்லையும் பாசியையும் மூடிவிடுகிறது, தோண்டிச் சாப்பிட முடியாமல் மான்கள் கடற்கரைக்கு இறங்கிக் கடற்பாசி தின்கின்றன. அந்தக் கரையில்தான் வலை கிடக்கிறது. கொம்பில் வலை மாட்டினால் உதறும், உதற உதற இன்னும் சுற்றும், மறுமுனை கல்லிலோ கட்டையிலோ இறுகிவிட்டால் பிராணி அங்கேயே நின்று பட்டினியால் சாகும். ஒரே வலையில் இரண்டு ஆண் மான்கள் கொம்போடு கொம்பு மாட்டிக்கொண்டதும் நடந்திருக்கிறது. நாங்கள் ஒரு திட்டில் வலையும் கொம்பும் பிணைந்து கிடந்ததைக் கண்டோம். விழுந்த கொம்பில் வலை சுற்றியதா, வலையில் மாட்டி மான் செத்ததா என்று வழிகாட்டியாலும் சொல்ல முடியவில்லை, படம் எடுத்துக் குறித்துக்கொண்டார். பருவநிலை ஒரு பக்கம் தள்ள, பிளாஸ்டிக் மறுபக்கம் பிடித்துக்கொள்ள, இந்த மானுக்குப் போக இடமில்லை. இரண்டும் வேறு வேறு பிரச்சினை என்று பிரித்துக் கதைப்பவர்களை அந்தத் திட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

ஒரு பெரிய மடி, மணலுக்குள் பாதி புதைந்தது, பத்துப் பேர் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. கத்தியால் வெளியே தெரிந்த பகுதியை அறுத்து எடுத்தோம், மிச்சத்தின் இடக்குறியை எடுத்து ஆளுநர் அலுவலகத்துக்கு அறிவித்தார்கள். ஆளுநர் அலுவலகம் ஒவ்வொரு கோடையிலும் தானே ஒரு துப்புரவுப் பயணம் நடத்துகிறது, பெரிய வலைகளுக்கு அப்படியான ஆள்பலமும் இயந்திரமும் வேண்டும்.

பயணத்தின் மிகச் சிறந்த பகுதி அதற்குப் பிறகு கப்பல் தளத்தில் நடந்தது. சாக்குகளைக் கொட்டி, வகை பிரித்து, எண்ணி, தராசில் நிறுத்து, தாளில் எழுதினோம். எழுத்துத் தெரிகிற மூடி, போத்தல் எல்லாம் தனியாக. இது பயணிகளுக்குப் பொழுதுபோக்கக் கொடுக்கிற வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016 முதல் 2021 வரை இப்படிக் கப்பல் பயணிகள் ஸ்வால்பார்டுக் கரைகளில் பொறுக்கி எண்ணியது சுமார் 23,000 பொருட்கள், 1,620 கிலோ, அதை ஜேர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவன ஆய்வாளர்கள் 2023இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எழுத்து வாசிக்கக்கூடியவை அதில் மிகச் சிலவே. அவற்றில் ரஷ்யாவும் நோர்வேயும் முன்னணியில், பிறகு ஜேர்மனி உட்பட்ட ஐரோப்பிய நாடுகள், பிரேசில், சீனா, அமெரிக்கா வரைக்கும். நோர்வேயில் குப்பையைப் பல விதமாகப் பிரித்துப் போட்டு ஒழுங்காக வாழ்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிற எங்கள் நாடும் அந்தப் பட்டியலின் முன்வரிசையில் இருக்கிறது, இதை ஒஸ்லோவில் இருப்பவர்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இங்கே நாங்கள் விரும்பி வாங்குகிற கொட் மீன் பாரன்ட்ஸ் கடலிலிருந்து வருகிறது, அந்தக் கடலின் வலைதான் அந்தக் கரையில் கிடந்தது. காணாமல்போன வலையை அறிவிக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது, மீன்பிடித் திணைக்களம் 1980களிலிருந்து வருடாவருடம் கடலடியில் தேடி வலைகளைத் தூக்குகிறது, நல்ல வேலை அது. ஆனாலும் கரைக்கு வருவது நிற்கவில்லை.

இனிக் குறைகள். முதல் தடவை இறங்கியபோது துப்புரவுக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு, சாக்குகளோடு கூட்டாக ஒரு படம் எடுத்ததும் திரும்பச் சொல்லிவிட்டார்கள், விளம்பரத்துக்குச் செய்வதுபோலத்தான் இருந்தது. பலர் முறையிட்டபிறகு அடுத்த கரையில் நேரம் கொடுத்தார்கள், நான் மேலே எழுதியதெல்லாம் அந்த இரண்டாவது கரையில் நடந்ததுதான். கொடுத்த கையுறை ஒருதடவை பாவித்து எறிகிற மெல்லிய பிளாஸ்டிக், கயிற்றை இழுத்ததும் கிழிந்து துண்டாகப் பறந்தது, பிளாஸ்டிக் பொறுக்கப் போகிற இடத்தில் இதை எப்படி யோசிக்காமல் விட்டார்கள் என்று நேரடியாகவே கேட்டேன், மாற்றுவதாகச் சொன்னார்கள். தேநீர் மேசையில் தனித்தனி உறையில் சுற்றிய பிஸ்கட். உரைகள் ஆங்கிலத்தில் மட்டும், வயதானவர்களைக் கூட்டிப்போனால் நீங்கள் பக்கத்திலிருந்து மொழிபெயர்க்க வேண்டும்.

இன்னொரு பெரிய குறை, கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு சில நிமிடம் மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தது. எனக்கு அதுதான் கூடுதலாக அறிய வேண்டியதாக இருந்தது. மேலே சொன்ன ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனம் 2018இல் ஆர்க்டிக் கடற்பனியை உருக்கிப் பார்த்ததில் ஒரு லீட்டரில் 12,000 துகள் வரை இருந்தது, பாதிக்கு மேல் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைவிடச் சிறியவை, அதாவது கடலின் ஆகச் சின்ன உயிரும் விழுங்கக்கூடிய அளவு. பனிக்கட்டிக்கு அடியில் மெலோசிரா என்ற பாசி நீண்ட இழைகளாக வளர்கிறது, சுற்றியுள்ள கடல்நீரில் இருப்பதைப்போல ஏறத்தாழப் பத்து மடங்கு நுண்பிளாஸ்டிக் அதில் ஒட்டியிருப்பதாக 2023இல் கண்டார்கள். அந்தப் பாசி செத்ததும் கட்டியாகக் கடலடிக்கு இறங்குகிறது, அங்கே இருட்டில் வாழ்கிற உயிர்களுக்கு அதுதான் சாப்பாடு. சாக்கும் தராசும் இதற்கு உதவாது. அதை அந்த உரையிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், கரையைக் கூட்டியதும் ஆர்க்டிக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துச் சிலர் இறங்கிப் போனார்கள்.

கப்பலும் எண்ணெயில்தான் ஓடுகிறது, நாங்களும் விமானத்தில்தான் போனோம். அதை மனதில் வைத்துத்தான் துப்புரவு இல்லாத கப்பலை எடுக்காதீர்கள் என்கிறேன், போவதென்று முடிவெடுத்தால் ஒரு மானின் கொம்பில் மாட்டவிருந்த வலையாவது குறையட்டும்.

விலை மிகவும் அதிகம், ஒளிக்க ஒன்றும் இல்லை, நான் நெடுங்காலம் சேர்த்துத்தான் போனேன். பயணச்சீட்டில் ஸ்வால்பார்டுச் சுற்றாடல் கட்டணமும் சேர்ந்திருக்கும், 2007இலிருந்து வருகிற எல்லாரிடமும் வாங்குவது, அந்த நிதியிலிருந்து கரைத் துப்புரவுக்கும் பணம் போகிறது. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு போனால் மிக நல்லது. எங்கள் கப்பலில் இருந்த ஒரு பையன் டாலி ரோப் நூல்களை மட்டும் விடாமல் பொறுக்கிக்கொண்டே இருந்தான், அவனைத் திரும்பக் கூப்பிடுவதே பெரும்பாடு. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு ரப்பர் படகில் ஏறி இறங்குவது கஷ்டம்.

முன்பதிவுக்கு முதல் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள்: ஒரு கரையில் துப்புரவுக்கு எவ்வளவு நேரம், நிறுத்து எண்ணி யாருக்கு அனுப்புகிறீர்கள், லோங்யெர்பியனில் குப்பையை எங்கே ஒப்படைக்கிறீர்கள். அந்த ஊரின் குப்பையே கப்பலில் ஏற்றி நோர்வேப் பெருநிலத்துக்குத்தான் போகிறது, ஆகவே ஒப்படைக்கும் ஒழுங்கு உள்ள கம்பனி உடனே பதில் சொல்லும். மழுப்பினால் விட்டுவிடுங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு, அதில் உரைக்கும் தளத்தில் எண்ணியதற்கும் மூன்று, பறவைச் சரிவுக்கு ஒன்று. போகிறவர்கள் தடித்த ரப்பர் பூசிய வேலைக் கையுறையும் முழங்கால் வரையான சப்பாத்தும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். ஸ்வால்பார்ட் நோர்வேயைச் சேர்ந்தது என்றாலும் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வலயமான ஷெங்கனுக்கு வெளியே, கடவுச்சீட்டைக் கொண்டுபோங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த உறவினரைக் கூட்டிப்போவதானால் அவர்களின் விசா இரண்டு தடவை உள்நுழைய அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், ஒருதடவை விசாவில் போனால் ஒஸ்லோவுக்குத் திரும்ப வருவது சிக்கலாகிவிடும்.